புஷ்பம் டீச்சர் கேக்

மேற்குத் தாம்பரத்தில் புஷ்பம் டீச்சர் கேக் என்றால் தெரியாதவர்கள் கிடையாது. கிறிஸ்துமஸா, ஞானஸ்நானமா, யார் வீட்டுக் குழந்தைக்காவது முதல் பிறந்தநாளா, அந்தக் கேக் மேஜைக்கு வந்துவிடும். சும்மா வட்டமாக வந்து உட்கார்ந்துவிடாது. ஒரு வருஷம் மின்சார ரயிலாக வந்தது, நாலு பெட்டி, ஜன்னலுக்கு ஜன்னல் முந்திரிப் பருப்பு. ஒரு வருஷம் வாத்து. இன்னொரு வருஷம் ஆமை. அது யானையாக ஆரம்பித்து அடுப்பில் அமுங்கிப்போனது என்பது வீட்டுக்குள் மட்டும் தெரியும். ஊர் அந்த ஆமையைப் பார்த்து, "என்ன கற்பனை, என்ன கற்பனை!" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டது.

எல்லாம் சரி, ஒரே ஒரு சங்கதிதான் உதைத்தது. புஷ்பம் டீச்சருக்குக் கேக் போடத் தெரியாது.

கேக் என்ன, சோறே ஒரு நாள் குழையும், ஒரு நாள் விறைக்கும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அல்ஜீப்ரா என்றால் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக்கூடப் புரிகிற மாதிரி சொல்லித் தருவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு, நியாயமான கர்வம். அடுப்படியைப் பற்றி அவளுக்குக் கர்வமும் இல்லை, வெட்கமும் இல்லை. பசித்தால் சமைப்பாள், அவ்வளவுதான்.

கேக் போட்டது அவள் வீட்டுக்காரர் வேதசிரோமணி.

ஆள் ஆறடி. மீசை என்றால் மீசை, அப்படி ஒரு மீசை. கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல். அவர் வாயைத் திறந்தால் பெஞ்சு அதிரும் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். எழும்பூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. இந்த மனுஷன் சனிக்கிழமை மத்தியானம் ஆனதும் கைலியை மடித்துக் கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்புறம் அங்கே புஷ்பத்துக்கு இடம் கிடையாது.

மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் சமையல் புத்தகம் ஒன்று சல்லிசாகக் கிடைத்ததில் ஆரம்பித்தது அந்தப் பைத்தியம். முதல் பத்துப் பக்கம் அதில் கிடையாது. பதினோராம் பக்கம், 'பிறகு அதை மெதுவாகக் கிளறவும்' என்று தொடங்கும். எதைக் கிளறுவது? அது அவராகக் கண்டுபிடித்ததுதான். மனுஷனுக்கு அதிலேதான் குஷி. பெரிய அலுமினியக் குண்டானில் அரைச்சாண் மணல், மணல்மேல் ஒரு வளையம், வளையத்தின்மேல் பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த அச்சு, மூடியின்மேல் தணல். கீழே சூடு, மேலே சூடு. அதுதான் அவருடைய 'ஓவன்', கேக் அடுப்பு. முடிச்சூரிலிருந்து கங்கையம்மாள் கொண்டுவரும் வெண்ணெயும், வீட்டுக் கோழி முட்டையும், ரேஷன் சர்க்கரையும் அதற்குள் போகும். அந்த மாதம் முழுக்க வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். வெந்துவிட்டதா என்று பார்க்கக் கடிகாரம் கிடையாது. தனக்குத் தெரிந்த கீர்த்தனைகளை வரிசையாகப் பாடுவார். இத்தனாவது கீர்த்தனை, இத்தனாவது சரணம் முடிந்ததும் மூடியைத் திறப்பார். கருகினது கிடையாது.

பின்னே எப்படி இது புஷ்பம் டீச்சர் கேக் ஆச்சு? ஒரு வார்த்தையால் வந்த வினை.

ஐம்பத்தேழாம் வருஷம், கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ். வேதசிரோமணி ஆபீஸுக்குக் கேக் கொண்டுபோனார். தலைமைக் குமாஸ்தா லாசரஸ் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். லாசரஸ் கோயில் கமிட்டியிலும் பெரிய மனுஷர், தாம்பரத்தில் இவர்களுக்கு அடுத்த தெரு. வாயில் போட்டவர் கண்ணை மூடிவிட்டார்.

"வேதம், எந்தக் கடைப்பா இது?"

"கடையில இல்ல சார். வீட்ல செஞ்சது."

அவ்வளவுதான் சொன்னார். சத்தியமாக வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் 'வீட்ல' என்றால் என்ன அர்த்தம்? வீட்ல சௌக்கியமா என்று கேட்டால் சுவரும் கூரையும் சௌக்கியமா என்றா கேட்கிறோம்? லாசரஸ் சார் மகிழ்ந்து போய்விட்டார். "அடேயப்பா! வீட்ல இவ்வளவு கெட்டிக்காரியா! புஷ்பத்தோட கைக்குத் தங்க வளையல் போடணும்ப்பா" என்றார்.

இல்லை சார், நான் செய்தேன் என்று சொல்ல வேதசிரோமணி வாயைத் திறந்தார். நேரம் பாருங்கள், அந்த நிமிஷம்தான் பக்கத்து மேஜை பாலகுரு உள்ளே நுழைந்தான். தபால் பிரிவு ஆள் ஒருத்தர் பெண்டாட்டி புடவையைக் கொடியில் காயப்போட்டதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆபீஸே சிரித்தது. அந்த ஆளுக்குக் கடைசிவரை 'புடவைக்காரர்' என்றே பேர் நின்றுவிட்டது. வேதசிரோமணி மீசையைத் தடவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். மூடின வாய் பதினோரு வருஷம் திறக்கவில்லை.

"நான் பொய் சொல்லலையே புஷ்பம். வீட்லதானே செஞ்சேன்?" என்பார்.

"ஆமாமா, ரொம்ப யோக்கியம்!" என்பாள் அவள்.

முதலில் அவளுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போகப் பிடிக்காமல் போனது. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்க வைத்த டீச்சர் அவள். அதைப் பற்றி ஒருத்தரும் பேசமாட்டார்கள். போகிற இடமெல்லாம் கேக், கேக், கேக். பெண்கள் ஐக்கிய சங்கம் மூன்று தடவை கேக் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டது. ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை அக்காவுக்குப் பிரசவம், ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் என்று தப்பித்தாள். இல்லாத காய்ச்சலுக்கு ரத்தினபாய் அக்கா, லாசரஸ் சாரின் மனைவி, கஞ்சி வைத்துக் கொண்டுவந்து ஊட்டிவிட்டுப் போனார். புஷ்பத்துக்கு அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் அந்த ஜெபம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வெட்டுமுன் லாசரஸ் சார் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, எங்கள் சகோதரி புஷ்பத்தின் கரங்களை ஆசீர்வதியும்" என்று உருகி உருகி வேண்டுவார். எல்லாரும் ஆமென் சொல்லுவார்கள். புஷ்பம் சொல்லமாட்டாள். எப்படிச் சொல்லுவாள்?

அறுபத்தெட்டாம் வருஷக் கிறிஸ்துமஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷமா ஆண்டவர்கிட்டயே தப்பான பேர் போய்க்கிட்டிருக்குங்க. ஆசீர்வாதமெல்லாம் தப்பான கைக்கு வருது. இனிமே முடியாது."

"நீயே சொல்லிடேன், புஷ்பம்."

"நான் சொன்னா பெண்டாட்டி காட்டிக்கொடுத்துட்டான்னு ஆகும். நீங்க சொன்னாத்தான் உங்களுக்கு மரியாதை. நல்லாக் கேட்டுக்குங்க. அடுத்த தடவை நாலு பேர் மத்தியில இந்தப் பேச்சு வந்தா நான் தலையாட்ட மாட்டேன். நீங்களா வாயைத் திறக்கணும். திறக்கலைன்னா அந்தக் குண்டான் காயலான் கடைக்குப் போகும். அதோட இந்த வீட்ல கேக்கே கிடையாது."

சொன்னால் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். அவர் புத்தகத்தை எடுத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் மூன்று அடுக்குக் கல்யாணக் கேக் படம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் வெண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கண்ணாடித்தாள் ஆகிவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதைப் போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. புஷ்பத்துக்கு அதுவும் தெரியும். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம்.

இது நடந்து ஒன்றரை மாதத்தில், பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை, கோவளம் பயணம் கிளம்பியது. கடலோரத்தில் ரத்தினபாய் அக்காவின் தம்பிக்கு ஒரு ஓட்டு வீடு இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே இருந்து சாப்பிட்டுவிட்டு வருவது என்று திட்டம். லாசரஸ் தம்பதி, பாலகுரு தம்பதி, இவர்கள் இரண்டு பேர், ஆக ஆறு பேர். தன் பையன்கள் இரண்டு பேரையும் புஷ்பம் பல்லாவரத்தில் அக்கா வீட்டில் விட்டுவிட்டாள். பாலகுருவின் மைத்துனன் வேன் கொடுத்தான். வண்டலூர் தாண்டுமுன்பே இட்லிப் பொட்டலம் காலி. கேளம்பாக்கத்தில் வேனை நிறுத்தி மசால்வடை. பாலகுருவின் மனைவி ரேணுகாம்பாள் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, ஒரு டின் முறுக்கு, தயிர்சாதம், மாவடு எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மீன், கறி, முட்டை அவள் தொடுவதில்லை. கேக் மட்டும் சாப்பிடுவாள். கேக்கில் முட்டை கண்ணுக்குத் தெரியாதே, அதனால் அது சேர்த்தி இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொண்டது பூவராகன் என்கிற மீனவரும் அவர் மனைவி முத்தாலம்மாளும். முத்தாலம்மாள் மீன் கூடை சுமந்து சுமந்து கழுத்து நிமிர்ந்த பெண்பிள்ளை. பேசினால் பட்டென்று பேசுவாள். அன்று மத்தியானம் அவள் வைத்தது வஞ்சிரக் குழம்பு, நெத்திலி வறுவல், சுறாப் புட்டு. ராத்திரிக்கு நண்டு. லாசரஸ் சார் நண்டுக் காலை உறிஞ்சின சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. பாலகுரு வீட்டில் சாப்பிட முடியாததையெல்லாம் சேர்த்து வைத்துச் சாப்பிட்டான். ரேணுகாம்பாள் கடலைப் பார்த்து உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டாள். "அந்தப் பக்கம் திரும்பமாட்டேன், நீங்க நடத்துங்க" என்றாள். புஷ்பத்துக்கு இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாளாகிவிட்டது. காலை மடக்கி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் லாசரஸ் சார் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு நல்ல சமாச்சாரம். தபீதாளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. மே மாசம் இருபத்தொண்ணாம் தேதி."

தபீதாள் அவருடைய ஒரே பெண். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். புஷ்பம் ரத்தினபாய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். சத்தம் அடங்கினதும் லாசரஸ் சார் மறுபடி ஆரம்பித்தார்.

"கடைக் கேக்கெல்லாம் நம்ம மேஜையில ஏறாது. கல்யாணக் கேக் புஷ்பம் டீச்சர்தான் போடணும். மூணு அடுக்கு. மைதா, வெண்ணெய், முட்டை, மூணு மாசமா ரத்தினம் மிச்சம் பிடிச்ச ரேஷன் சர்க்கரை, எசென்ஸு, எல்லாம் கொண்டு வந்திருக்கேன். நாளைக்கு ஜெபம் முடிஞ்சதும் இங்கேயே எல்லாரும் பார்க்க ஒரு சின்னக் கேக் போட்டுக் காட்டணும். ரத்தினத்துக்கு அந்தக் கைப்பக்குவத்தைப் பக்கத்துல இருந்து பார்க்கணுமாம்."

மூன்று அடுக்கு. புஷ்பம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அப்படியே எழுதியிருந்தது. சொல்லுங்கள், இப்போதே சொல்லிவிடுங்கள் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் மீசையைத் தடவினார். பாலகுருவைப் பார்த்தார். அப்புறம் குனிந்து தட்டில் இருந்த நண்டு ஓட்டைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"சார், எனக்குக் கேக் போடத் தெரியாது" என்றாள் புஷ்பம், நிதானமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

 எல்லாரும் சிரித்தார்கள். "பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்றார் ரத்தினபாய் அக்கா, அவள் கன்னத்தைத் தடவி.

உண்மையைச் சொன்னாலும் எடுபடாத அளவுக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் படுக்கப்போகும்போது புஷ்பம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.  அழுது புரளுகிற ஜாதி இல்லை அவள். கணக்கு ஒரு வழியில் வரவில்லை என்றால் இன்னொரு வழி. படுத்துக்கொண்டே யோசித்தாள். காலையில் எழுந்தபோது வழி கிடைத்துவிட்டது.

கேக் எப்படிப் போடுவது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எப்படிப் போடக்கூடாது என்று அத்துப்படி. பதினோரு வருஷமாக அந்த அடுப்படியிலிருந்து அவள் காதில் விழுந்ததெல்லாம் அதுதானே! மாவைச் சலிக்காமல் போடாதே. சுற்றினால் ஒரே பக்கமாகச் சுற்று, மாற்றிச் சுற்றினால் கலவை திரிந்துபோகும். வெண்ணெயை அடுப்பில் காட்டாதே, காட்டினால் அது கேக் இல்லை, களி. ஒருநாள் அவள் உதவி செய்கிறேன் என்று போய் வெண்ணெயை உருக்கிவிட்டதற்கு மனுஷன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பமும் இறால் தொக்கும். பிறகு ஜெபம். லாசரஸ் சார், தபீதாளுக்காகவும் மாப்பிள்ளைக்காகவும் வேண்டிவிட்டு, வழக்கம்போல், "இன்று கேக் செய்யப்போகும் எங்கள் சகோதரியின் கரங்களை" என்று இழுத்தார். வேதசிரோமணி ஆமென் சொல்லும்போது அந்த அடிக்குரல் கொஞ்சம் உடைந்ததைப் புஷ்பம் கவனித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஓலை போட்ட சமையல் கொட்டகை. மூன்று பக்கமும் திறப்பு. பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் ஆண்கள் கேரம் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். கொட்டகையில் நடப்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும், நன்றாகக் கேட்கும். புஷ்பத்துக்கு அது ரொம்பச் சௌகரியம். ரத்தினபாய் அக்கா நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்தார். ரேணுகாம்பாள் பக்கத்தில். முத்தாலம்மாள் வாசலோரம் குந்தி மத்தியானத்துக்குச் சங்கரா மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புஷ்பம் மைதாப் பையை எடுத்து அப்படியே அங்கே இருந்த ஒரு குண்டானில் கவிழ்த்தாள்.

மரத்தடியில் பெரிய இருமல்.

"சலிக்க வேண்டாமா டீச்சர்?" என்றார் ரத்தினபாய் அக்கா.

"எதுக்குக்கா? நல்ல மாவுதானே."

அக்கா நோட்டில் எழுதினார்: சலிக்க வேண்டாம். மரத்தடியில் இருமல் இன்னும் பலமாக வந்தது. "தண்ணி குடிப்பா வேதம்" என்றார் லாசரஸ் சார்.

அடுத்தது வேறு ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு மர அகப்பையால் சுற்ற ஆரம்பித்தாள். வலப்பக்கம் நாலு சுற்று. அப்புறம் இடப்பக்கம் நாலு சுற்று. அகப்பையைப் பாத்திரத்தில் இடித்து இடித்துக் கரகரவென்று ஒரு சத்தம். வேதசிரோமணி அடித்த ஸ்டிரைக்கர் பலகையைத் தாண்டி மணலில் போய் விழுந்தது. அதை எடுக்கிற சாக்கில் எழுந்து கொட்டகை ஓரமாக வந்து, உதட்டை அசைக்காமல், "ஒரே பக்கம், ஒரே பக்கம்" என்று முணுமுணுத்தார்.

"என்னங்க? சத்தமாச் சொல்லுங்க, கேக்கலை!" என்றாள் புஷ்பம், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"கேக்கலையா? கேக் கலையே உங்க கையிலதானே இருக்கு டீச்சர்!" என்று பாலகுரு மரத்தடியிலிருந்து கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். வேதசிரோமணி ஸ்டிரைக்கரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

போய்விட்டாரே! புஷ்பத்துக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. சர்க்கரை அத்தனையும் வீணாகப் போகும். கேக் களியாகும். தபீதாள் கல்யாணக் கேக் கடைக்குப் போகும். அதற்கப்புறம் இந்த மனுஷன் குண்டானைத் தொடவே மாட்டார். தான் போட்ட சபதம் தன் தலையிலேயே விடிகிறதா? ஆனாலும் பின்வாங்குகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மீதி வெண்ணெய் இருந்த கிண்ணத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுற்றுவதை நிறுத்தாமல், அடுப்புப் பக்கம் நகர்ந்தாள்.

அப்போது முத்தாலம்மாள் மீனைக் கீழே வைத்தாள்.

"இன்னா டீச்சரம்மா, உன் வூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு? கையி தன்னால சுத்திகினு கீதே!"

எல்லாரும் திரும்பினார்கள். வேதசிரோமணி கேரம் பலகைமுன் உட்கார்ந்திருந்தார். ஆட வேண்டிய முறை அவருடையது. ஸ்டிரைக்கர் மடியில் கிடந்தது. அவருடைய வலதுகை அந்தரத்தில் ஒரே பக்கமாக, சீராக, சுற்றிக்கொண்டிருந்தது. கண் மட்டும் புஷ்பத்தின் கையில் இருந்த வெண்ணெய்க் கிண்ணத்தில்.

"அய்யா ஆட்டம் ஆடல. மாவு கலக்கிகினு கீறாரு. டீச்சரம்மா சுத்துறதவிட அய்யா சுத்துறது கரீட்டா கீது, பாரேன்!" என்றாள் முத்தாலம்மாள்.

கை நின்றது. அந்தரத்திலேயே நின்றது. பாலகுருவின் வாய் பிளந்தது. லாசரஸ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வேதம். உங்க வீட்ல கேக் போடறது யாருப்பா?"

கை மரத்துப்போச்சு சார், உதறினேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புகிறவர்கள்தான் அவர்கள். புஷ்பம் கிண்ணத்தை அடுப்புக்கு இன்னும் ஒரு சாண் கிட்டே கொண்டுபோனாள்.

"ஏய், ஏய்! உருக்காதே!" என்று ஒரு கர்ஜனை. ஓலைக் கூரையில் இருந்த காக்காய் பறந்தது. ஆறடி உடம்பும் பலகையைத் தாண்டி, காய்களைச் சிதறவிட்டு, நாலே எட்டில் கொட்டகைக்குள் வந்து கிண்ணத்தைப் பிடுங்கியது. மூச்சு வாங்கியது. பிறகு திரும்பி நின்று, கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சொன்னார்.

"நான்தான் சார். முதல் கேக்கிலிருந்து நான்தான். ரயிலும் நான்தான், வாத்தும் நான்தான்."

"ஆமை?" என்றான் பாலகுரு.

"அது யானை."

அங்கே எழுந்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. பாலகுரு மணலில் உருண்டான். "மச்சான், நாளைக்கே ஆபீஸ்ல உனக்கு ஒரு புடவை..." என்று ஆரம்பித்தவனை வேதசிரோமணி முடிக்க விடவில்லை. "புடவை இருக்கட்டும் பாலு. பதினோரு வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் கேக்கை ஆறு துண்டு தின்னது நீதானே? எழுந்து வா. அந்த மாவை மூணு தடவை சலி" என்றார். பாலகுரு ரேணுகாம்பாளைப் பார்த்தான். அவள், "போங்க, சொல்றார்ல?" என்றாள். போனான்.

லாசரஸ் சார் மட்டும் சிரிக்கவில்லை. மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். புஷ்பம் அவரிடம் போனாள். "மன்னிச்சுக்குங்க சார். ரொம்பப் பெரிய தப்பு" என்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல், "எத்தனை கிறிஸ்துமஸும்மா? எத்தனை ஜெபம்?" என்றார். அவள் குனிந்து, சிதறிக்கிடந்த கேரம் காய்களைப் பொறுக்கிப் பலகையில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினாள். 

கொட்டகையில் அதற்குள் வேறு உலகம். வேதசிரோமணி துண்டைத் தோளில் போட்டாயிற்று, கைலியை மடித்துக் கட்டியாயிற்று. பூவராகனை அனுப்பி மேட்டு மணலாக, ஈரம் இல்லாததாகக் கொண்டுவரச் சொன்னார். ரத்தினபாய் அக்கா நோட்டில் எழுதினதையெல்லாம் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். முட்டை உடைக்க ஆள் இல்லை என்றதும் ரேணுகாம்பாள், "நான் கண்ணை மூடிக்கறேன்" என்று சொல்லி ஒரு டஜனையும் உடைத்துப் போட்டாள். ஒரு ஓடு விழவில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் நுரைத்து வெள்ளை வெளேரென்று வந்தது. குண்டான் ஏறியது, தணல் ஏறியது. வேதசிரோமணி அடுப்பு முன் நின்று கீர்த்தனையை எடுத்தார். அலைச்சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் போயிற்று. இரண்டாவது கீர்த்தனையில் ரத்தினபாய் அக்கா சேர்ந்துகொண்டார். மூன்றாவதில் மரத்தடியிலிருந்து ஒரு கரகரத்த குரலும் சேர்ந்தது. புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். லாசரஸ் சார்தான், கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

மூடியைத் திறந்தபோது சங்கராக் குழம்பு வாசனையை அது அமுக்கிவிட்டது. வாலும் செதிலுமாக ஒரு மீன். அச்சு கிடையாது, அலுமினியச் சட்டியில் போட்டு வெளியே எடுத்தபின் கத்தியால் செதுக்கினார். முத்தாலம்மாள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இது இன்னா மீனுன்னு சொல்லத் தெரியல. ஆனா விலை போவும்" என்றாள்.

முதல் துண்டைப் புஷ்பம் எடுத்தாள். வாயில் போட்டாள். "ரொம்ப நல்லா இருக்குங்க!" என்று சத்தமாகச் சொன்னாள். சொன்னதும் அவள் கண் கலங்கிவிட்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலு பேர் முன்னால் இந்த வார்த்தையை அவள் இதுவரை சொன்னதே கிடையாது. தன் கேக்கைத் தானே புகழ முடியுமா? ஊரெல்லாம் அவருடைய கேக்கைப் புகழ்ந்தது, கட்டினவள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் சத்தமாக. வேதசிரோமணி அடுப்பைக் கிளறுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

லாசரஸ் சார் வந்தார். ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டு சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேதம், மே இருபத்தொண்ணு. மூணு அடுக்கு. ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க சார்."

"கோயில் ஹால்ல சபை மொத்தமும் இருக்கும். ஆபீஸ் மொத்தமும் இருக்கும். நான் ஜெபம் பண்றப்போ உன் பேரைச் சொல்லித்தான் பண்ணுவேன். நீ கேக் பக்கத்துல வந்து நிக்கணும், எல்லாரும் பார்க்க. இங்க ஆறு பேர் முன்னால சொன்ன மாதிரி இல்லப்பா, ஐந்நூறு பேர். முடிஞ்சா ஒத்துக்கோ. முடியாதுன்னா சொல்லிடு, கடையில சொல்லிக்கறேன். எனக்கு வருத்தம் இல்ல."

 பாலகுருகூட வாயில் இருந்த கேக்கை மெல்லாமல் நிறுத்தினான். வேதசிரோமணி புஷ்பத்தைப் பார்த்தார். புஷ்பம் தன் தட்டைப் பார்த்தாள். இந்த விடையை அவள் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

அவர் மாவுக் கையாலேயே மீசையைத் தடவினார். மீசை வெளுத்தது.

"மூணு அடுக்கு முடியாது சார்" என்றார்.

புஷ்பம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாலு அடுக்கா போடறேன். மூணுன்னா பின்னால நிக்கிறவங்களுக்குத் தெரியாது."